ஆடியில் பார்த்த பாட்டுகள்

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்து இரண்டாம் நாள். ஆனி முகூர்த்தங்களின் ஆல்பம், பென் டிரைவ் எல்லாம் வீடு போய்ச் சேர்ந்துவிட்டன. மிச்சம் ஒரு காதுகுத்து ஹைலைட்ஸ். அதற்கு என்ன பாட்டுப் போடுவது என்று தாய்மாமனுக்கும் பிள்ளையின் அப்பாவுக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை. ஆவணி பிறக்கும் வரை ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் போட்டோவும் ஆதார் ஜெராக்ஸும்தான். தெருமுனை மாரியம்மன் கோயிலில் விடிவதற்குள் எல்.ஆர். ஈஸ்வரி பாட ஆரம்பித்துவிடுகிறார். குழாய் ஸ்பீக்கரை எங்கள் மாடியைப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் சும்மா கிடப்பதைப் பார்த்துவிட்டு அசிஸ்டெண்ட் பையன் கேட்டான்: "அண்ணே, நீங்க பார்த்ததுலயே டாப் பாட்டு வீடியோ எதுண்ணே?"

"சினிமாப் பாட்டா, மியூசிக் வீடியோவா?"

"ரெண்டும் ஒண்ணுதானண்ணே?"

எனக்கு ஒன்றில்லை. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' பார்த்து வளர்ந்தவன் நான். அதில் வந்ததெல்லாம் ஏதோ ஒரு படத்திலிருந்து கத்தரித்து எடுத்த துண்டு. யாரோ பாட, யாரோ வாயசைக்க, வாத்தியம் வாசித்தவர்கள் கண்ணிலேயே படாமல் போவது நமக்குப் பழகிப்போன விஷயம். மியூசிக் வீடியோவுக்கு முன்னாலும் கதை இல்லை, பின்னாலும் கதை இல்லை. நாலு நிமிஷப் பாட்டும், பெரும்பாலும் அதைப் பாடியவரின் முகமும்தான் கையில் இருக்கும். இனி என்ன செய்வாய் என்று பாட்டு கேட்கும்.

கல்யாண ஹைலைட்ஸ் எடிட் பண்ணுகிறவனுக்கு இது தினசரிக் கேள்வி. ஒரு பாட்டும், நாள் முழுக்க எடுத்த ஃபுட்டேஜும் இருக்கும். பீட்டுக்கு பீட்டு கட் போட்டுத் தள்ளினால் ஒருத்தரும் குறை சொல்லப்போவதில்லை. அதனாலோ என்னவோ, அப்படிச் செய்யாதவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை.

ஆடி முடிகிற வரை சாயங்காலம் ஒன்றிரண்டு போட்டுப் பார்ப்பது, பார்த்ததை எழுதிவைப்பது என்று இருக்கிறேன். தரவரிசை கிடையாது. பையன் டாப் டென் வேண்டுமென்கிறான். அதை டிவிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஜூலை 19, சனி

பாப் டிலனின் 'சப்டெரேனியன் ஹோம்சிக் ப்ளூஸ்'. 1965, லண்டன். சவாய் ஹோட்டலுக்குப் பின்னால் ஒரு சந்து. டிலன் ஓரமாக நிற்கிறார், கையில் அட்டைகள். பாட்டு ஓட ஓட, அந்தந்த வரியிலிருந்து ஒரு சொல் எழுதிய அட்டையைக் காட்டிவிட்டுக் கீழே போடுகிறார். வாயைத் திறக்கவே இல்லை. ஒரே ஷாட், கட் கிடையாது. கொஞ்சம் தள்ளி அமெரிக்கக் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் கைத்தடியோடு யாருடனோ பேசிக்கொண்டு நிற்கிறார். டி.ஏ. பென்னிபேக்கர் எடுத்த 'டோன்ட் லுக் பேக்' என்ற ஆவணப்படம் 1967இல் வந்தபோது இதுதான் அதன் தொடக்கக் காட்சி. அட்டைகளை எழுதியதில் கின்ஸ்பெர்க்குக்கும் பாடகர் டோனவனுக்கும் பங்குண்டு. வேண்டுமென்றே எழுத்துப்பிழை விட்ட அட்டைகளும் உண்டு.

நான் பார்ப்பது டிலனின் கையை. பாட்டு ஓடுகிற வேகத்துக்கு அவரால் ஈடுகொடுக்க முடிவதில்லை. அட்டை பிந்துகிறது, சில சமயம் முந்துகிறது. அவருக்கு அதில் கவலையும் இல்லை. இன்றைக்கு லிரிக் வீடியோ என்று எழுத்துகளைத் துள்ளவிட்டு, சுழலவிட்டு, தீப்பற்றவிட்டு அனுப்புகிறார்களே, அந்தக் கூட்டத்துக்கெல்லாம் பாட்டன் இந்தச் சந்தில் சலிப்போடு நிற்கும் இருபத்து மூன்று வயதுப் பையன்.

ஜூலை 21, திங்கள்

இன்று எண்பதுகள். நார்வேக்காரர்கள் 'ஆஹா'வின் 'டேக் ஆன் மீ', 1985. இந்தப் பாட்டுக்கு அதற்கு முந்தைய வருஷமே ஒரு வீடியோ வந்து, பாட்டும் வீடியோவும் சேர்ந்தே தூங்கிவிட்டன. பிறகு பாட்டைத் திரும்பப் பதிவுசெய்து, ஸ்டீவ் பேரனை இயக்குநராகப் போட்டார்கள். மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' எடுத்த அதே பேரன். காபிக் கடையில் ஒரு பெண் படக்கதை படிக்கிறாள். பென்சிலில் வரைந்த நாயகன் பக்கத்திலிருந்து கையை நீட்டி அவளை உள்ளே கூப்பிடுகிறான். எடுத்த படத்தின் மேல் பிரேம் பிரேமாகப் பென்சிலால் வரைந்தார்கள் மைக்கேல் பேட்டர்சனும் கேன்டஸ் ரெக்கிங்கரும். ஏறக்குறைய 3,000 பிரேம், 16 வாரம்.

பையன் போனை எடுத்து ஏதோ ஆப்பில் அவன் முகத்தைக் கோட்டோவியமாக மாற்றிக் காட்டினான். கண் சிமிட்டுகிற நேரம்கூட ஆகவில்லை. பரவாயில்லை, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் கோடு நடுங்கவில்லை. கையால் வரைந்த ஒரு பிரேமின் கோடு அடுத்த பிரேமில் மயிரிழை தள்ளி விழும். அப்படி விழுந்து விழுந்துதான் அந்தப் படக்கதை நாயகனின் தாடை உயிரோடு இருப்பதுபோல் துடிக்கிறது.

தொடர்ந்து பீட்டர் கேப்ரியலின் 'ஸ்லெட்ஜ்ஹேமர்', 1986. இயக்கம் ஸ்டீஃபன் ஆர். ஜான்சன். பிரிஸ்டலில் இருக்கும் ஆர்ட்மன் அனிமேஷன் ஆட்கள் வேலை செய்தது. உரித்த இரண்டு கோழிகள் தலையில்லாமல் ஆடுமே, அதைச் செய்தவர் பின்னாளில் 'வாலஸ் அண்ட் க்ரோமிட்' எடுத்துப் பெயர் வாங்கிய நிக் பார்க். கேப்ரியல் முகத்தைச் சுற்றிப் பொம்மை ரயில் ஓடுகிறது, பழம் வந்து குவிகிறது, மேகம் நகர்கிறது. ஒரு பிரேம் எடுப்பது, ஆளை ஒரு நூல் நகர்த்துவது, அடுத்த பிரேம் எடுப்பது. கண்ணாடித் தகட்டுக்குக் கீழே அந்த மனிதர் 16 மணி நேரம் படுத்துக் கிடந்திருக்கிறார். மறு வருஷம் எம்டிவி விருதுகளில் ஒன்பதை அள்ளியது. அந்தக் கணக்கை ஒற்றை வீடியோவாக இன்னும் எதுவும் தாண்டவில்லை.

ரிசப்ஷன் மேடையில் ஒரு கிளிக்குக்கு மேல் அசையாமல் நிற்க மாட்டேன் என்கிற மாப்பிள்ளைகளுக்கு இதைப் போட்டுக் காட்ட வேண்டும்.

ஜூலை 23, புதன்

மிஷல் கோண்ட்ரி. வெர்சாய்க்காரர். முதலில் டிரம்மர், 'வீ வீ' என்ற குழுவில் வாசித்தவர். அந்தக் குழுவுக்கு அவரே எடுத்த வீடியோவைப் பார்த்துத்தான் ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் அவரைக் கூப்பிட்டார். டிரம்மர் என்ற விவரத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தாளம் தெரிந்த கைக்கு எங்கே அடிக்கக் கூடாது என்பதும் தெரியும்.

டாஃப்ட் பங்க்கின் 'அரவுண்ட் தி வேர்ல்ட்', 1997. பாட்டில் வரி ஒன்றே ஒன்றுதான். அதையே ஒரு எந்திரக் குரல் திரும்பத் திரும்பச் சொல்கிறது. வேறு யாராவது எடுத்திருந்தால் உலக உருண்டையைச் சுற்றவிட்டிருப்பார்கள், விமானம் பறந்திருக்கும். கோண்ட்ரி பாட்டைப் பிரித்துப் போட்டார். வட்டமான மேடை, பெரிய இசைத்தட்டு மாதிரி. பின்னால் படிக்கட்டு. எந்திரக் குரலுக்கு ரோபோக்கள், அவை மேடையைச் சுற்றி நடந்துகொண்டே இருக்கின்றன. பேஸ் கிட்டாருக்குச் சின்னத் தலையோடு நெட்டை நெட்டையாகச் சில விளையாட்டு வீரர்கள். பேஸ் ஏறும்போது படியேறுகிறார்கள், இறங்கும்போது இறங்குகிறார்கள். கிட்டாருக்கு எலும்புக்கூடுகள், டிரம் மெஷினுக்கு மம்மிகள், கீபோர்டுக்குப் பளபளவென்று பெண்கள். நடனம் அமைத்தது ஸ்பெயின்காரர் ப்ளாங்கா லி.

தவில் கேட்கிற கேள்விக்குக் கரகாட்டக்காரி பதில் சொல்வதைத் திருவிழாவில் பார்த்திருக்கிறோம். இங்கே பாட்டின் எல்லா உறுப்பும் ஒரே நேரத்தில் ஆளாக வந்து நிற்கிறது. முதல் தடவை பார்க்கிறவர்களுக்குக் குழப்பமாகத்தான் இருக்கும். மூன்றாவது தடவை பேஸை மட்டும் பார்க்கலாம், நான்காவதில் மம்மிகளை மட்டும். காது தனியாகப் பிரிக்கத் திணறுவதைக் கண் பிரித்துக் கொடுக்கிறது. சவுண்ட் இன்ஜினியரிங் படிக்கப்போகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் வகுப்பில் இந்த வீடியோவைப் போட்டால் போதும், அந்த வாரத்தை விடுமுறை விடலாம்.

நடுவில் கேமரா பெரிதாக எதுவும் செய்வதில்லை என்பதைக் குறித்துவைக்க வேண்டும். சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறது. டிரோனும் கிம்பலும் வாங்கிவிட்ட நமக்கெல்லாம் அந்தச் சும்மாதான் கஷ்டம்.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

அம்மாவைக் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரம் போய் வந்தேன். அப்பாவுக்குத் தர்ப்பணம். ரயிலில் இருந்த கூட்டத்தில் ஜன்னல் சீட்டு இல்லை, நிற்கிற இடமே பெரிய பாடு. இல்லாவிட்டால் கெமிக்கல் பிரதர்ஸின் 'ஸ்டார் கிட்டார்' பாட்டை ஹெட்போனில் போட்டுக்கொண்டு மானாமதுரை தாண்டி ஒரு சோதனை செய்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அந்த வீடியோவையே போட்டேன். இதுவும் கோண்ட்ரி, 2002. ரயில் ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி, அவ்வளவுதான். பிரான்சில் நீமுக்கும் வலான்சுக்கும் நடுவே ஓடும் தடம். பையன் இரண்டு நிமிஷம் பொறுத்தான்.

"அண்ணே, இதுல ஒண்ணுமே நடக்கல. ஒரு ஆளுகூட வரலண்ணே."

"கம்பத்தப் பாருடா."

பார்த்தான். கொஞ்ச நேரத்தில் தொடையில் தாளம் போட ஆரம்பித்தான். பிறகு திரைக்குக் கிட்டே போய்விட்டான். ஒவ்வொரு டிரம் அடிக்கும் ஒரு கம்பம் கடக்கிறது. ஒரு நீண்ட ஒலிக்கு ஒரு பாலம். எதிர் ரயில், தொழிற்சாலை, தண்ணீர்த் தொட்டி, பிளாட்பாரம் எல்லாமே பாட்டுக்குள் இருக்கும் ஏதாவது ஒரு சத்தத்தின் உருவம். அந்தச் சத்தம் திரும்ப வரும்போது அதுவும் திரும்ப வருகிறது. அதே ரயிலில் திரும்பத் திரும்பப் போய், பொழுதின் வெவ்வேறு வெளிச்சத்தில் சாதாரண டிஜிட்டல் கேமராவில் எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் அடுக்கியிருக்கிறார்கள். அடுக்குவதற்கு முன்னால் கோண்ட்ரி வீட்டில் ஆரஞ்சு, ஃபோர்க், புத்தகம், டம்ளர் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பாட்டுக்கு வரைபடம் போட்டுப் பார்த்தார்.

தந்திரம் எங்கே என்றால், வீடியோ நம்மிடம் எதையும் சொல்வதில்லை. 'பார், நான் தாளத்துக்கு நகர்கிறேன்' என்று ஒரு இடத்திலும் கையைத் தூக்குவதில்லை. கண்டுபிடித்தால் உனக்கு லாபம், இல்லையென்றால் சும்மா ரயிலில் போய்விட்டு வா. எனக்குத் தெரிந்து வேறு எந்த வீடியோவும் பார்க்கிறவனை இவ்வளவு மரியாதையாக நடத்தியதில்லை.

"அண்ணே, இதுக்குப் பாட்டக் கேட்டுட்டுப் படம் எடுத்தாங்களா, படத்தப் பார்த்துட்டுப் பாட்டுப் போட்டாங்களா?" என்றான் பையன். தேறிவிடுவான்.

ஜூலை 26, சனி

ஷினேட் ஓகானர் இறந்து இன்றோடு இரண்டு வருஷம். 2023இல் போனார், 56 வயது.

'நத்திங் கம்பேர்ஸ் டு யூ', 1990. இயக்கியவர் ஜான் மேபரி. பாட்டு பிரின்ஸ் எழுதியது. 1985இல் வேறொரு குழு பாடி யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்தது. பாரிஸில் ஒரு பூங்காவில் கறுப்புக் கோட்டோடு அவர் நடப்பதாகச் சில ஷாட்கள் உண்டு. மற்றபடி முழுவதும் கறுப்புப் பின்னணியில் மொட்டைத் தலையோடு அந்த முகம். கேமராவை நேராகப் பார்த்துப் பாடுகிறார். அம்மாவைப் பற்றிய ஒரு வரி வரும்போது கண்ணீர் உருண்டு இறங்குகிறது. திட்டத்தில் இல்லாத கண்ணீர். அவருடைய அம்மா 1985இல் கார் விபத்தில் இறந்தவர். அவர் நினைவு வந்துவிட்டது என்று ஓகானரே பின்னால் சொல்லியிருக்கிறார்.

அழுகிற முகம் நமக்குப் புதிதல்ல. சிவாஜியிலிருந்து சரிதா வரை முகத்தாலேயே படத்தைத் தூக்கி நிறுத்தியவர்களைப் பார்த்தவர்கள் நாம். ஆனால் அங்கே அழுகிற முகத்துக்குப் பாடிய குரல் வேறு ஆளுடையது. பாடுகிற தொண்டையே அடைத்துக்கொள்வதைப் பார்க்கும் வாய்ப்பு பின்னணிப் பாட்டில் இல்லை. எஸ். ஜானகியின் முகத்தை இப்படி ஐந்து நிமிஷம் வெட்டாமல் யாராவது எடுத்துவைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே கடையைப் பூட்டினேன்.

எடிட்டராக ஒன்று. அந்தக் கண்ணீர் விழுகிற நொடியில் பூங்காவுக்குக் கட் பண்ணியிருக்கலாம். அழகாகவும் இருந்திருக்கும். பண்ணவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

ஆவணிக் கல்யாணம் ஒன்றுக்கு ஆர்டர் கொடுக்கப் பெண் வீட்டார் வந்தார்கள். "அட்சதை மேலே விழுறது திரும்ப எல்லாரோட கைக்கும் போற மாதிரி ரிவர்ஸ்ல வேணும்." செய்யலாம் என்றேன். ஒரு பட்டனை அழுத்துகிற வேலைதான்.

அவர்கள் போன பிறகு கோல்ட்ப்ளேயின் 'தி சயின்டிஸ்ட்', 2002, ஜேமி த்ரேவ்ஸ். உலகமே பின்னோக்கி ஓடுகிறது, பாடகர் கிறிஸ் மார்ட்டினின் உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்துகிறது. அதற்காக மனிதர் ஒரு மாதம் உட்கார்ந்து முழுப் பாட்டையும் தலைகீழாகப் பாடக் கற்றார்.

ரேடியோஹெட்டின் 'நோ சர்ப்ரைஸஸ்' இதற்கு அண்ணன். கிராண்ட் ஜீ எடுத்தது. டாம் யார்க்கின் தலை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள். தண்ணீர் மெல்ல ஏறி மூக்கைத் தாண்டிப் பாட்டை நிறுத்துகிறது. நாம் பார்க்கும்போது ஒரு நிமிஷத்துக்கு மேல் மூச்சடக்கி இருக்கிறார். எடுக்கும்போது அந்தப் பகுதியில் பாட்டை வேகமாக ஓட்டி, கேமராவையும் வேகமாக ஓட்டி, பிறகு இரண்டையும் இயல்பான வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அப்படியும் எளிதாக இருக்கவில்லை. ஒத்திகையிலும் படப்பிடிப்பிலும் திரும்பத் திரும்பத் தண்ணீரிலிருந்து அவர் திணறி வெளியே வருவதை அதே இயக்குநரின் 'மீட்டிங் பீப்புள் இஸ் ஈஸி' ஆவணப்படத்தில் காணலாம். ஸ்லோ மோஷன் என்பதை நாங்கள் மாலை மாற்றும்போதும் மணப்பெண் திரும்பிப் பார்க்கும்போதும் போடுகிறோம். அதை மூச்சின் கணக்காகப் போடலாம் என்று இவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

எம்டிவி பிறந்த நாள். 1981, ஆகஸ்ட் 1, நள்ளிரவு 12:01க்கு அமெரிக்காவில் தொடங்கியது. முதல் பாட்டு, ரேடியோப் பாடகனை வீடியோ கொன்றுவிட்டதாகப் பாடும் பகில்ஸ் குழுவின் பாட்டு. குறும்பான ஆட்கள். ரஸ்ஸல் மல்கேஹி எடுத்த அந்த வீடியோ எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, வரலாற்றுக்காகப் பார்க்கலாம். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' வீடியோவும் அப்படித்தான். ஜான் லாண்டிஸ் 1983இல் 14 நிமிஷப் படமாகவே எடுத்தார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பட்டியலில் 2009இல் சேர்ந்த முதல் மியூசிக் வீடியோ. பிணங்கள் ஆடும் இடத்தை விட்டுவிட்டு மற்றதைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. இதைச் சொன்னதற்குப் பையன் டீ வாங்கப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான்.

எங்கள் தெருவுக்கு எம்டிவி தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்டார் டிவியோடு கேபிளில் வந்தது. பெரியவர்கள் சேனலை மாற்றச் சொல்லிச் சத்தம் போடுவதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு பார்ப்போம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

வீட்டில் சித்ரான்னம். எலுமிச்சை, புளி, தேங்காய் மூன்றையும் ஒரு கை பார்த்துவிட்டு, சினிமாப் பாட்டைச் சேர்க்கமாட்டேன் என்ற என் விதியை இன்று ஒரு பாட்டுக்காகத் தளர்த்தினேன். 'தில் சே', தமிழில் 'உயிரே', 1998. ஓடுகிற நீலகிரி மலை ரயிலின் கூரையில் ஆடும் பாட்டு. மணிரத்னம் இயக்கம், சந்தோஷ் சிவன் ஒளிப்பதிவு, ஃபரா கான் நடனம், ரஹ்மான் இசை.

படத்தின் கதையில் இந்தப் பாட்டுக்கு ஒரு வேலையும் கிடையாது. எடுத்துவிட்டால் கதை ஒரு அங்குலம் நகராது, படத்தைத்தான் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அந்த வகையில் இது படத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கும் மியூசிக் வீடியோ. செட் இல்லை, பின்னால் திரை போட்டு ஓட்டிய மலையும் இல்லை. காற்று நிஜம், வளைவு நிஜம். ஆடுகிறவர்களின் கால்கள் இடம் பார்த்து வைக்கின்றன. ஷாருக் கானும் மலைகா அரோராவும் எவ்வளவு உற்சாகமாக இருந்தாலும் எல்லாருடைய முழங்காலிலும் ஒரு எச்சரிக்கை தெரிகிறது. அந்த எச்சரிக்கைதான் நடனம் என்று எனக்குப் படும். கம்ப்யூட்டரில் செய்த ரயிலாக இருந்தால் முழங்கால் பொய் சொல்லிவிடும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பையனின் முறை. ஓகே கோ குழுவின் 'ஹியர் இட் கோஸ் அகெய்ன்', 2006. எட்டு டிரெட்மில், நாலு ஆள், ஒரே ஷாட். நடனம் அமைத்தது பாடகர் டேமியன் குலாஷின் அக்கா டிரிஷ் சீ. ஜிம்முக்குப் போகிறவர்கள் எல்லாம் ஒரு தடவையாவது செய்துபார்த்துப் பல்லை உடைத்துக்கொண்டிருப்பார்கள்.

பிறகு அவர்கள் பெரிய பெரிய எந்திரம் கட்டினார்கள், ரஷ்யாவில் விமானத்தை மேலும் கீழும் பறக்கவிட்டு எடையில்லாமல் மிதந்தார்கள். பையனுக்கு மிதப்பது பிடிக்கிறது. எனக்கு டிரெட்மில் போதும். இவர்கள் வீடியோவைப் பார்க்கும்போது பாட்டு காதில் விழுவதில்லை என்பது என் குறை. முடிந்த பிறகு யாராவது ஒரு வரி முணுமுணுக்கட்டும் பார்க்கலாம். எப்படி எடுத்தார்கள் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஸ்பைக் ஜோன்ஸ். ஃபேட்பாய் ஸ்லிம்முக்கு அவர் எடுத்த இரண்டு வீடியோ. இரண்டாவதை எல்லாருக்கும் தெரியும்: 'வெப்பன் ஆஃப் சாய்ஸ்', 2001. ஆளில்லாத ஹோட்டல் வரவேற்புக்கூடத்தில் கோட்டு சூட்டோடு உட்கார்ந்திருக்கும் கிறிஸ்டஃபர் வாக்கன் திடீரென்று எழுந்து ஆடுகிறார். சினிமாவில் ஆளைப் பயமுறுத்தும் வேஷமே கட்டிவந்த அவர் சின்ன வயதில் நடனம் படித்தவர். அறுபதை நெருங்கும் உடம்பு, முகத்தில் துளிச் சிரிப்பு கிடையாது. அற்புதம்.

ஆனால் என் மனசு முதலாவதோடு: 'ப்ரெய்ஸ் யூ'. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் வெஸ்ட்வுட்டில் ஒரு சினிமா தியேட்டர் வாசல். டொரன்ஸ் கம்யூனிட்டி டான்ஸ் குரூப் என்று இல்லாத ஒரு குழுவின் பெயரைச் சொல்லிக்கொண்டு, அனுமதி எதுவும் வாங்காமல், ஒரு டேப் ரெக்கார்டரைத் தரையில் வைத்து ஆட ஆரம்பிக்கிறார்கள். ஜோன்ஸே வேறு பெயரில் முன்னால் நின்று ஆடுகிறார். தியேட்டர்க்காரர் ஒருவர் வந்து டேப்பை நிறுத்துகிறார். ஜோன்ஸ் ஓடிப்போய் அவர் மேல் தாவித் தொற்றிக்கொள்கிறார். டிக்கெட்டுக்கு நிற்கிறவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் சிரிக்கிறார்கள். வீட்டு வீடியோ மாதிரி கலங்கலான படம். செலவு எண்ணூறு டாலர் என்பார்கள். 1999இல் மூன்று எம்டிவி விருது வாங்கியது, அதில் ஒன்று நடன அமைப்புக்கு!

பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "என்னண்ணே டான்ஸ் இது, எங்க சித்தப்பா ஆடுற மாதிரியே இருக்கு."

அதற்குத்தான். ஒவ்வொரு கல்யாணத்திலும் முதல் நாள் இரவு ஒரு சித்தப்பா ஆடுவார். மாஸ்டர் வைத்துச் சொல்லிக்கொடுத்த மணப்பெண்ணின் தோழிகள் கச்சிதமாக ஆடி முடித்துப் போன பிறகு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தாளம் ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாக. ஹைலைட்ஸில் அவரை வைக்காதே என்று வீட்டாரில் பாதிப்பேர் சொல்வார்கள். நான் வைப்பேன். தோழிகளின் ஆட்டத்தைக் குறைத்தாவது வைப்பேன். பத்து வருஷம் கழித்து அந்த வீட்டில் யாரைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஜோன்ஸின் நடனக்காரர்கள் சரியாக ஆடத் தெரியாதவர்களாக ஆடுகிறார்கள், கிண்டல் செய்யவில்லை. நூலிழை தப்பினால் கேலியாகியிருக்கும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

தமிழில் என்ன இருக்கிறது என்று வந்த கஸ்டமர் ஒருவர் கேட்டார். 2011இல் வந்த 'கொலவெறி' இருக்கிறது. ரெக்கார்டிங் தியேட்டரில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனுஷ் பாடுகிறார், அனிருத் பக்கத்தில். எத்தனையோ வருஷமாகக் கண்ணாடி அறைக்குள் மறைந்திருந்த பின்னணிப் பாட்டின் சமையலறையை ஒரு நாள் திறந்துவிட்டது மாதிரி. படத்துக்குள் அந்தப் பாட்டு எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள், பாதிப்பேர் யோசிப்பார்கள்.

பிறகு 'என்ஜாய் எஞ்சாமி', 2021 மார்ச். தீ, அறிவு, சந்தோஷ் நாராயணன். வீடியோ இயக்கம் அமித் கிருஷ்ணன். எந்தப் படத்துக்கும் சொந்தமில்லாத பாட்டு தமிழ்நாட்டின் எல்லா மண்டபத்திலும் ஒலித்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அந்த வருஷம் நான் செய்த ஹைலைட்ஸில் எத்தனையோ இதே பாட்டுக்கு. மணமக்கள் மேடையேறும் குதூகலத்துக்கு. பாட்டு பேசுவதோ நிலத்தை உழுது கட்டியவர்களுக்கு அந்த நிலம் இல்லாமல் போனதை. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் வீடியோவில் வருகிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய குடும்பம். வண்ணமும் ஆட்டமும் கண்ணைப் பறிக்கிற அந்த வீடியோவில் அந்தக் கிழவியின் முகத்துக்கு வரும்போது மட்டும் எனக்கு வேகம் குறைந்துவிடும். கட்டின் வேகம் அதேதான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கடைசியாக வைத்திருந்தது ஜானி கேஷின் 'ஹர்ட்'. மார்க் ரோமனெக் இயக்கம். பாட்டு நைன் இஞ்ச் நெயில்ஸ் குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர் 1994இல் எழுதியது, ஒரு இளைஞனின் பாட்டு. எழுபதைத் தொட்ட, உடம்பெல்லாம் நோயோடிருந்த கேஷ் அதைப் பாடினார். டென்னஸியில் அவர் வீட்டிலும், மூடிக்கிடந்து சிதைந்துபோயிருந்த அவருடைய அருங்காட்சியகமான 'ஹவுஸ் ஆஃப் கேஷ்' கட்டடத்திலும் எடுத்தார்கள். மேசையில் விருந்து பரப்பியிருக்கிறது. நடுங்கும் கையால் கேஷ் ஒயினை மேசை மேலேயே ஊற்றுகிறார். மாடிப்படியில் நின்று மனைவி ஜூன் கார்ட்டர் அவரைப் பார்க்கிறார். 2003 மே மாதம் ஜூன் இறந்தார், செப்டம்பரில் கேஷ்.

இவ்வளவு நாள் வெட்டாதவர்களையே புகழ்ந்துகொண்டிருந்தேன். இதில் வெட்டு ஏராளம். அருங்காட்சியகத்தில் கிடந்த பழைய ஃபிலிம்களை எடுத்து, கிழவரின் முகத்துக்கும் வாலிபரின் முகத்துக்கும் நடுவே ரோமனெக் வெட்டிக்கொண்டே போகிறார். ரயில் மேல் ஏறுகிற கேஷ், சிறைக்குப் போய்ப் பாடுகிற கேஷ், கூட்டத்துக்கு நடுவே சிரிக்கிற கேஷ். கடைசிப் பகுதியில் வெட்டு வேகம் எடுத்து மூச்சு முட்டுகிறது. டிசால்வ் போட்டு ஒரு முகத்தை இன்னொரு முகத்தில் கரைத்திருந்தால் கண்ணீர் வரவழைத்திருக்கலாம். இங்கே கத்தி மாதிரி விழுகிறது. நாற்பது வருஷத்துக்கு நடுவே ஒரு பிரேம்கூட இடைவெளி இல்லை. வெட்டுவதற்குக் காரணம் இருந்தால் எத்தனை வேண்டுமானாலும் வெட்டலாம் போலிருக்கிறது.

நாலு மணிக்கு ஒரு அம்மா வந்தார். ஆவணியில் அவருக்கும் கணவருக்கும் அறுபதாம் கல்யாணம். மகன் பெங்களூரிலிருந்து போனில் எல்லாம் சொல்லிவிட்டானாம்: டிரோன் வேண்டும், டீசர் வேண்டும். நான் அவர்களுடைய முதல் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தார்களா என்று கேட்டேன்.

"எடுத்தாங்க தம்பி. பெரிய கேசட்டு. பீரோவுல எங்கயோ கெடக்கு. பூசணம் புடிச்சிருக்கும், போட்டா கோடு கோடா ஓடும். அது எதுக்கு இப்ப?"

"கோடோடவே கொண்டாங்கம்மா" என்றேன். பையனிடம் வி.சி.ஆரைப் பரணிலிருந்து இறக்கி ஹெட்டைத் துடைத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். அவன் இதுவரை வி.சி.ஆரைத் தொட்டதில்லை.